பேயை ஓட்டினோம், சோறு போட்டோமா?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இக்கூட்டத்தின் துண்டு விளம்பரத்தில் நான் "பேய், பிசாசு, பில்லி சூனியம்" என்பது பற்றிப் பேசப்போவதாக அச்சடித்திருக்கிறார்கள். அதைப்பற்றி நான் இருபது வருஷத்துக்கு மேலாகப் பேசி வருகிறேன். பேய் இல்லை என்று சொல்லுவதற்கு இன்று எனக்குப் புதிதாக ஒன்றும் அகப்படவில்லை. இல்லாத ஒன்றை எத்தனை தடவைதான் இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது? ஆகவே தலைவரவர்களுடைய அனுமதியின்பேரில், பேய் பிடித்தவன் என்று நாம் யாரைச் சொல்லுகிறோமோ அந்த மனிதன் இன்று மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்கிற ஒரு விஷயத்தைப் பற்றி மாத்திரம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இது சின்ன விஷயமாகத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்ததில் எங்கள் குடும்பத்தில் ஓர் உயிர் போய்விட்டது.

நான் அதிகம் படித்தவனல்ல. எட்டாவது வகுப்போடு அச்சாபீசுக்கு எழுத்துக் கோக்கப் போனவன். வைத்திய சாஸ்திரம் கரை கண்டவன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நான் சொல்லப்போவதில் புஸ்தகத்தில் படித்தது பாதி, கண்ணால் கண்டது பாதி. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். படாததைத் தள்ளிவிடுங்கள்.

என் தாயாருடைய கடைசித் தம்பி கைத்தறி நெய்கிறவர். கல்யாணம் ஆகாதவர். 27-வது வயதில் அவருக்குச் சித்தம் கலங்கிற்று. காதில் யாரோ வைகிறார்கள் என்பார். நெய்துகொண்டிருக்கும்போதே பாவை அறுத்துவிட்டு எழுந்து ஓடுவார். வீட்டார் செய்ததெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். கயிறு மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், மிளகாய்ப் புகை போட்டார்கள், கடைசியில் தெற்கே ஒரு தலத்துக்குக் கொண்டுபோய்க் காலில் சங்கிலி பூட்டி விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். மூன்று வருஷம் அங்கே இருந்தார்.

2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலையில் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பற்றிக்கொண்டது. அதற்குள் மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இது தேசம் முழுதும் அறிந்த சேதி. சுப்ரீம் கோர்ட்டே தானாக முன்வந்து இதை எடுத்து விசாரித்தது. அந்தச் சேதியைப் பத்திரிகையில் படித்த மறுநாளே நான் பஸ் ஏறினேன். என் மாமா இருந்தது ஏர்வாடியல்ல, வேறு ஊர். ஆனால் கொட்டகையும் சங்கிலியும் அங்கேயும் அதேதான். எனக்கு அப்போது 22 வயது, வாயும் அதிகம். அங்கிருந்தவர்களோடு சண்டை போட்டுச் சங்கிலியை அவிழ்க்கச் செய்து மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் காட்டினேன். மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றரை மாதத்தில் காதுக்குள் வைகிறவர்கள் ஓய்ந்துபோனார்கள். "மாப்பிள்ளை, இன்னைக்கு வேலைக்குப் போகலியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. எங்கள் ஊர் மந்தையில் கூட்டம் போட்டேன். மாமாவைப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு, "பார்த்தீர்களா! மூன்று வருஷம் சங்கிலி போட்டும் போகாத பேய் ஒன்றரை ரூபாய் மாத்திரைக்குப் போய்விட்டதே, அது எப்பேர்ப்பட்ட பேய்?" என்று கேட்டேன். ஜனங்கள் கைதட்டினார்கள். அன்றைக்கு மாமா காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிட்டிருக்கவில்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவர் தன் அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணன், அண்ணி, நான்கு குழந்தைகள், எல்லோருக்கும் ஒரே தறிக் கூலி. என் அத்தை கெட்டவரல்ல. இதை நான் அழுத்திச் சொல்லுகிறேன். ஆழாக்கு அளந்து உலையில் போடுகிற குடும்பத்தில் யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று ஒரு வரிசை தானாக உண்டாகிவிடுகிறது. கூலி கொண்டுவருகிறவனுக்கு முதலில், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குப் பிறகு, ஆக்கியவளுக்கு அதற்குப் பிறகு, பைத்தியத்துக்குப் பானை கழுவுகிற நேரத்தில். இதில் இன்னொரு சங்கடம் சேர்ந்தது. மாமாவுக்குக் கொடுத்த மாத்திரை பசியைக் கிளப்பிவிடுகிற மாத்திரை. முன்னெல்லாம் சோறு கொண்டா என்று கேட்டறியாதவர், இப்போது அடுப்பங்கரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அடுத்த வீட்டில் ஊறப்போட்ட அரிசியை அள்ளித் தின்றுவிட்டார். கடையில் தொங்கிய பழத்தைப் பிய்த்தார் என்று அடித்தார்கள். "பேய் போகல, அதுதான் இப்ப சாப்பிடுது" என்று ஊரார் சொன்னார்கள். நான் மேடையில் ஓட்டிய பேய் இப்படிப் பசி வழியாகத் திரும்ப வந்து சேர்ந்தது.

ஒருநாள் அவரே என்னிடத்தில் சொன்னார். "மாப்பிள்ளை, மாத்திரை போட்டாப் பசிக்குது. பசிச்சா அடிக்கிறாங்க. போடலைன்னாப் பசி தெரியல." இதில் பைத்தியக்காரத்தனம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! கணக்குப்பிள்ளை போட்ட கணக்குப்போல் இருக்கிறது. நான் என்ன செய்தேன்? மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று அவருக்கு விஞ்ஞானம் உபதேசித்தேன். ஒரு பொட்டலம் சோறு வாங்கிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் மாத்திரையை நிறுத்தினார். குரல்கள் திரும்பின. 2004-ல் வீட்டை விட்டுப் போனார். 40 மைலுக்கு அப்பால் ஒரு பஸ் ஸ்டாண்டில், எலும்பும் தோலுமாக அவரைக் கண்டெடுத்தார்கள். அப்போது உயிரில்லை.

நிற்க. அந்தத் தலத்தைப் பற்றி நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். அங்கே அவருக்குச் சங்கிலி இருந்தது, அடி இருந்தது, வைத்தியம் இல்லை. ஆனால் வேளைக்கு ஒரு குவளை கஞ்சி வந்தது. நேர்ச்சைக்காரர்கள் கொண்டுவரும் சோற்றிலும் ஒரு கை கிடைத்தது. நான் சங்கிலியை எடுத்தபோது கஞ்சியையும் சேர்த்து எடுத்துவிட்டேன். கோவில் வாசலிலும் தர்கா வாசலிலும் ஏன் மனநோயாளிகள் கூடுகிறார்கள் என்று நாம் கேட்கிறோம். மூடநம்பிக்கை என்று பதிலும் சொல்லிக்கொள்ளுகிறோம். கொண்டுபோய் விடுகிறவர்களுக்கு அது மூடநம்பிக்கைதான். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது சாப்பாட்டு வரிசை. நாம் அவனை "அங்கே போகாதே" என்கிறோம். சரி, எங்கே போகச் சொல்லுகிறோம்?

"இந்த நாட்டில் அரிசிக்கா பஞ்சம்?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1920-ல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டதிலிருந்து, 1956-ல் மதிய உணவு, 1982-ல் சத்துணவு, 2011 முதல் ரேஷன் கடையில் விலையில்லா அரிசி, 2013-ல் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற அம்மா உணவகம், 2022-ல் பள்ளிக்கூடத்தில் காலைச் சிற்றுண்டி என்பதாக, வயிற்று விஷயத்தில் இந்த நாடு செய்திருப்பது சாமானியமான காரியமல்ல. அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் இவைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு இருக்கிறது. அந்தக் கதவைத் திறக்கிற சாவி, கலங்காத சித்தம்.

யோசித்துப் பாருங்கள். ரேஷன் அரிசி வேண்டுமானால் அட்டை வேண்டும். அட்டைக்கு விலாசம் வேண்டும், ஆதார் வேண்டும். ஒண்டியாய் இருக்கிறவன் தனி அட்டை கேட்டால் தனி அடுப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சித்தம் கலங்கி அண்ணன் வீட்டுத் திண்ணையில் கிடப்பவன் தனி அடுப்பைக் காட்டவேண்டுமாம்! கடை திறக்கிற நாளைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும், வரிசையில் நிற்கவேண்டும், யாரோ தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றினாலும் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும், கைரேகை வைக்கவேண்டும். கைரேகையை வைத்துத் தன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அஞ்சி நடுங்குகிறவன் எப்படி வைப்பான்? அரிசி வந்தாலும் அதைக் கல் பொறுக்கி, உலை வைத்து, வடிக்கிற வரையில் அடுப்பண்டை மனது நிற்கவேண்டும். இந்நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு முதலில் போவது அந்த நிலைதான். சோம்பேறி என்கிறோம். வியாதியின் குணமே அது என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். மலிவுச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் நாற்றமடிக்கிறான் என்று விரட்டுகிறார்கள். டீக்கடையில் அவனுக்கென்று ஓர் உடைந்த கிளாஸ் வெளியே கவிழ்த்து வைத்திருக்கிறது. தனிக் கிளாஸ் என்பதைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அது ஜாதிக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பெண்ணாய்ப் பிறந்து இந்த வியாதி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். புருஷன் வீட்டார் தாய் வீட்டில் தள்ளுவார்கள். தாய் வீட்டில் அண்ணன் பெண்டாட்டி ஆக்கிப் போடவேண்டும். தாய் கண்ணை மூடிய அன்றே அவள் சாப்பாடும் மூடிப்போகிறது. தெருவில் திரிகிற பெண்ணுக்கு ஒரு பொட்டலம் பிரியாணியைக் காட்டி என்ன செய்கிறார்கள் என்பதைத் தாய்மார்கள் இருக்கிற கூட்டத்தில் நான் விவரிக்க வேண்டாம். இப்படித் தெருவில் விடப்பட்ட பெண்களைக் கண்டுதான் 1993-ல் சென்னையில் இரண்டு இளம் பெண்கள் பானியன் என்கிற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார்கள். படித்த பட்டணத்துப் பெண்கள் இரண்டு பேருக்குத் தோன்றியது, எத்தனையோ மேடை ஏறிய எனக்குத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிக்கொள்ளுகிறேன்.

இதுவரையில், சித்தம் கலங்கினவன் பட்டினி கிடக்கிறான் என்று சொன்னேன். இதற்கு மறுபக்கமும் உண்டு. பட்டினியே சித்தத்தைக் கலக்கும். இது பழமொழியாக எல்லோருக்கும் தெரியும். ருஜுப்படுத்தின கதை சிலருக்குத்தான் தெரியும். பகுத்தறிவுக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டிய கதை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்லுகிறேன்.

சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் தென்பாகத்தில் பெல்லாக்ரா என்று ஒரு வியாதி ஆயிரக்கணக்கான ஏழைகளைத் தாக்கிற்று. தோல் வெடிக்கும், பேதி ஆகும், கடைசியில் புத்தி மாறிப் பைத்தியம் பிடித்துச் சாவார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரிகள் இந்த ஏழைகளால் நிறைந்தன. இது தொற்று வியாதி என்று பெரிய டாக்டர்களே சொன்னார்கள். 1914-ல் சர்க்கார், ஜோசப் கோல்ட்பெர்கர் என்கிற டாக்டரை இதை விசாரிக்க அனுப்பினார்கள். அவர் ஹங்கேரி தேசத்திலிருந்து பிழைக்க வந்த ஓர் ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளை. அவர் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளையும் அநாதைப் பள்ளிகளையும் சுற்றிப் பார்த்தார். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. நோயாளிகளுக்கு வியாதி வருகிறது. இரவும் பகலும் அவர்களோடு இருக்கிற வேலையாட்களுக்கு வரவில்லை. தொற்று வியாதியானால் ஆள் பார்த்தா தொற்றும்? வேலையாட்களுக்கு இறைச்சியும் பாலும் உண்டு. நோயாளிகளுக்கு மக்காச்சோளக் களியும் வெல்லப்பாகும் பன்றிக் கொழுப்பும்தான். மிசிசிப்பியில் இரண்டு அநாதைப் பள்ளிகளிலும், ஜார்ஜியாவின் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் ஒரு பகுதியிலும் பால், முட்டை, பயறு, இறைச்சி கொடுக்கச் செய்தார். வியாதி ஓடிப்போய்விட்டது. 1915-ல், விடுதலை தருவதாகச் சொல்லி ஒப்புக்கொண்ட சிறைக் கைதிகளுக்கு அந்தச் சோளச் சாப்பாட்டையே போட்டுப் பார்த்தார். அவர்களில் ஆறு பேருக்கு வியாதி வந்தது. இப்படிக் கைதிகளின் உடம்பில் சோதனை செய்தது சரியா என்று இன்று கேட்டால், சரியல்ல என்றே நான் சொல்லுவேன்.

அப்பொழுதும் பெரிய மனிதர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் சீமையில் ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று சொல்ல இவன் யார் என்று கோபித்தார்கள். கோல்ட்பெர்கர் என்ன செய்தார் தெரியுமா? 1916-ல் நோயாளிகளுடைய இரத்தத்தை எடுத்துத் தம் உடம்பில் ஏற்றிக்கொண்டார். அவர்களுடைய தோல் பொருக்கையும் மலத்தையும் மாவில் உருட்டி விழுங்கினார். அவர் மனைவியும் அந்த இரத்தத்தை ஏற்றிக்கொண்டார். ஒருவருக்கும் வியாதி வரவில்லை. பிறகு 1937-ல்தான், சோற்றில் இருக்கவேண்டிய நயாசின் என்கிற ஒரு சத்து இல்லாததே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். ஆக, எத்தனையோ பேரைப் பைத்தியம் என்று பூட்டி வைத்து, அந்தப் பைத்தியம் எந்தச் சாப்பாட்டால் வந்ததோ அதையே அங்கேயும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். நம் தேசத்திலும் சோளத்தையே தின்று பிழைக்கிற தக்காண ஏழைகளிடத்தில் இந்த வியாதியை ஹைதராபாத்தில் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள்.

எல்லாப் பைத்தியமும் சோறு போட்டால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லுவதாகக் கொள்ளக்கூடாது. அப்படிச் சொன்னால் நானும் ஒரு மந்திரவாதிதான். மருந்து வேண்டும், டாக்டர் வேண்டும். ஆனால் பசி தனியாகவே எவ்வளவு செய்யும் என்பதற்கு இன்னொன்று கேளுங்கள். 1945-ல் அமெரிக்காவில் மினசோட்டா சர்வகலாசாலையில், யுத்தத்துக்குப் போக மறுத்த 36 வாலிபர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப் பட்டினி கிடந்தார்கள். உடலும் மனமும் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கி எடுத்த ஆட்கள். சில மாதத்தில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை. சிடுசிடுப்பு, அழுகை, யாரோடும் பேசப் பிடிக்காமை. ஒருவர் கோடாலியால் தம் கைவிரல்களை வெட்டிக்கொண்டார். வேண்டுமென்று வெட்டினாரா, தவறிப்போயிற்றா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. திடமான ஆட்களுக்கே இப்படியானால், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிற மனதுக்கு என்ன ஆகும்? தாய் பட்டினி கிடந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் அது போய்ச் சேருகிறது. ஹாலந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்திலும், சீனத்தில் 1959 முதல் 61 வரை நடந்த பஞ்சத்திலும் கருவில் உருவானவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு நோய் சுமார் இரண்டு மடங்கு வந்திருக்கிறது.

பட்டினி போடுவது ஏழை நாட்டின் குற்றம், அறியாத ஜனங்களின் குற்றம் என்று எண்ண வேண்டாம். நாகரிகத்துக்கே தொட்டில் என்று சொல்லப்படுகிற பிரான்சு தேசத்தில், ஜெர்மானியர் ஆதிக்கத்தின்போது, 1940 முதல் 44 வரையில் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் சுமார் 45,000 பேர் பசியாலும் பசியினால் வந்த வியாதியாலும் மாண்டார்கள். ரேஷன் எல்லோருக்கும் உண்டுதான். ஆனால் வெளியே இருக்கிறவன் கள்ளச் சந்தையில் வாங்குவான், கிராமத்து உறவினர் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு அனுப்புவார்கள். பூட்டின கதவுக்குள் இருக்கிறவனுக்கு யார் அனுப்புவார்கள்? காமிய் குளோதெல் என்கிற பேர்பெற்ற சிற்பி அம்மையார், 30 வருஷம் பூட்டி வைக்கப்பட்டிருந்து, 1943 அக்டோபரில் இப்படித்தான் வாடி மாண்டார். ஜெர்மனியிலோ, முதலில் விஷப் புகையால் கொன்றார்கள். பிறகு சத்தில்லாத வேகவைத்த காய்க் கஞ்சியை மாத்திரம் ஊற்றி, வேண்டுமென்றே பட்டினியால் கொன்றார்கள். கொன்றவர்களில் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் இருந்தார்கள்.

அதே பிரான்சில், அதே பஞ்சத்தில், லொசேர் என்கிற மலைநாட்டில் சேன்-தல்பான் என்கிற ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. ஸ்பெயினிலிருந்து தப்பி வந்த தொஸ்கெய்யெஸ் என்கிற டாக்டர் அங்கே வேலை பார்த்தார். அங்கே கதவைத் திறந்துவிட்டார்கள். நோயாளிகள், தாதிகள், கன்னியாஸ்திரீகள், டாக்டர்கள் எல்லோருமே குடியானவர்களிடத்தில் போய்ப் பாடுபட்டுக் கிழங்கும் தானியமும் கொண்டுவந்தார்கள். காட்டில் தின்னத்தக்க காளான் எது, விஷக் காளான் எது என்று நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மற்ற இடங்களில் செத்ததுபோல் அங்கே சாகவில்லை. சட்டமோ அதிகச் சம்பளமோ இதைச் செய்யவில்லை. கதவு திறந்திருந்தது, வெளியே இருந்த கிராமத்தாருக்கு உள்ளே இருப்பவர்களின் முகம் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2015-16-ல் இந்திய சர்க்கார் பெங்களூர் நிம்ஹான்ஸ் மூலம், தமிழ்நாடு உள்பட 12 மாகாணங்களில் கணக்கெடுத்தார்கள். மனநோய் உள்ள 100 பேரில் 70 பேருக்கு மேல் வைத்தியமே கிடைக்கவில்லை என்று கண்டார்கள். சட்டம் இல்லாமலில்லை. 2016-ம் வருஷத்துச் சட்டம் மனநோயையும் ஊனத்தின் வகையில் சேர்த்திருக்கிறது. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலி போடுவதைக் குற்றமாக்கி, வைத்திய ஸ்தாபனத்தில் நல்ல உணவு பெறுவதும் உரிமை என்று சொல்லுகிறது. 2025 ஆகஸ்டில், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் சாமானை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற தாயுமானவர் திட்டத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் கால் இல்லாதவனைப் பார்த்ததும் மாற்றுத்திறனாளி என்று தெரிகிறது. சித்தம் கலங்கினவனுக்குச் சர்டிபிகேட் வேண்டும். அதற்கு ஜில்லா ஆஸ்பத்திரியில் மனநோய் டாக்டர் முன் போய் உட்காரவேண்டும். கூட்டிப்போக ஆள் வேண்டும். அந்த ஆள் நாமாக இருக்கலாமல்லவா? பஸ் செலவு எவ்வளவு ஆகிவிடும்?

மாத்திரை விஷயமாகவும் சில வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2001-ல் எனக்கு யாரும் சொல்லாதவை. ஓலன்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் பசியை அதிகப்படுத்தும். உடம்பு பருக்கும், சர்க்கரை வியாதி வரக்கூடும். ஆகையால் இவர்களுக்கு வெறும் சோறு மாத்திரம் போதாது. பயறு, கீரை, முட்டை, மோர் வேண்டும். சோறும் டீயும் பன்னுமாகத் தின்று பருத்திருப்பவனைப் பார்த்து, நன்றாகத்தானே தின்கிறான் என்று சொல்லக்கூடாது. பருத்த உடம்பிலும் பட்டினி உண்டு. லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தண்ணீரும் உப்பும் குறைந்தால் அந்த மருந்தே உடம்பில் ஏறி விஷமாகிவிடும். விரதம், நோன்பு என்று அவர்களைக் காயப்போடுகிறவர்கள் இதை அறியவேண்டும். லூரசிடோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. அதைச் சாப்பாட்டோடு சேர்த்து உட்கொண்டால்தான் சரியாக உடம்பில் சேரும். சோறில்லாதவன் கையில் அந்தச் சீட்டைக் கொடுத்தால் என்ன பிரயோஜனம்? எதையும் டாக்டரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது, மாற்றவும் கூடாது.

"கொடுத்தாலும் தின்ன மாட்டேன் என்கிறான், விஷம் கலந்திருக்கிறது என்கிறான்" என்று சிலர் சொல்லுகிறார்கள். உண்மைதான், வியாதி அப்படிச் சொல்லவைக்கும். அவனோடு வாதாடாதீர்கள், விஷமில்லை என்று நிரூபிக்க நான் செய்கிற பிரசங்கம் அங்கே செல்லாது. உரிக்காத வாழைப்பழம் கொடுங்கள். ஓடு உடையாத அவித்த முட்டை கொடுங்கள். அல்லது ஒரே பாத்திரத்தில் நீங்களும் அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிச்சைபோல் தூர நின்று போட்டுவிட்டுப் போகாதீர்கள். குளித்துவிட்டு வா, மாத்திரை போடு, பிறகு சோறு என்று பேரமும் பேசாதீர்கள். சோறு தினமும் ஒரே நேரத்தில் வருகிறது என்பது நிச்சயமான பிறகு, மாத்திரையைப் பற்றிப் பேச அவன் காது திறக்கிறது. மாமா போன பிறகு நான் கண்டறிந்தது இது. எங்கள் தெருவில் மூன்று பேரிடத்தில் கண்டறிந்தேன், ஒருவரிடத்தில் பலிக்கவில்லை.

"உழைக்காதவனுக்கு எதற்குச் சோறு?" என்று கேட்கிறவர்களுக்கு நான் நீண்ட பதில் சொல்லப்போவதில்லை. உழைக்காமல் தொந்தி வளர்த்தவர்களைப் பற்றி இந்த மேடையில் எத்தனையோ பேசியிருக்கிறோம். அந்தக் கேள்வியை அவர்களிடத்தில் கேட்டுவிட்டு வரட்டும்.

நான் கேட்டுக்கொள்ளுவது பெரிய காரியமல்ல. இந்த வாசகசாலைத் தோழர்கள் நால்வர் சென்ற மாதம் ஊரைச் சுற்றிக் கணக்கெடுத்தார்கள். இவ்வூரிலும் பக்கத்துக் குப்பங்களிலுமாக 11 பேர் இருக்கிறார்கள். ஏழு பேர் ஆண்கள், நான்கு பேர் பெண்கள். ஐந்து பேருக்கு ரேஷன் அட்டையில் பெயரே இல்லை. எட்டுப் பேருக்குச் சர்டிபிகேட் இல்லை. இரண்டு பேர் வீட்டுக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். அந்த வீட்டார் இக்கூட்டத்திலேயே இருக்கலாம். அவர்களை நான் குற்றம் சொல்ல வரவில்லை. வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாமல் என்ன செய்வதென்று தெரியாதவர்கள் 14416 என்கிற நம்பருக்குக் காசில்லாமல் போன் செய்யலாம், தமிழில் பேசுவார்கள். ஜில்லா மனநலத் திட்டத்தின் டாக்டரைப் பார்க்க எங்களில் ஒருவர் கூட வருவார்.

மத்தியானச் சாப்பாடு ஒரு வேளைக்கு, 11 இலை. ஒரு நாளைக்கு ஒரு தெரு என்று பிரித்திருக்கிறோம். தனியாக ஆக்கவேண்டியதில்லை, உங்கள் வீட்டில் ஆக்குவதில் ஒரு பங்கு. குழம்பு நேற்றையதாக இருக்கக்கூடாது என்பது மாத்திரம் நிபந்தனை. கொண்டுபோய்க் கொடுக்கப் பையன்கள் சைக்கிளோடு இருக்கிறார்கள். திங்கள், புதன், வியாழன், சனி, ஞாயிறு ஆகிய தினங்களுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் இன்னும் காலியாக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவர்கள் அன்று மிச்சமாகிற அரிசியை என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நோட்டுப் புஸ்தகம் வாசல் மேஜையில் தலைவரவர்களிடத்தில் இருக்கிறது.